ஐந்து மரம் பார்த்தவள்

1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்றைய என் நாட்குறிப்பு மற்ற நாட்களைப் போலத்தான் தொடங்குகிறது. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்தே காலுக்குப் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்தேன். பால் வெட்டுக்கு ஐம்பத்து மூன்று பேர், புல் வெட்டுக்குப் பதினெட்டுப் பேர், ஸ்டோருக்கு ஆறு பேர். மழைமானியில் இருந்த தண்ணீரை அளந்து எழுதிவிட்டுக் கவிழ்த்து வைத்தேன். பத்தரைக்குப் பாலை எடை போட்டேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, கருவாட்டுக் குழம்பு. அதற்கு அடுத்த வரி: "இரண்டு மணிக்கு லாரி. பதினோரு பேர். குளுவாங் ஸ்டேஷன்."

அதற்குக் கீழே எதுவும் இல்லை. இருபத்து மூன்று வருஷமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். காய்ச்சலில் படுத்த நாளில்கூடக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறேன். அரைப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிற நாள் அது ஒன்றுதான். அதில் எழுதியிருக்க வேண்டியதை ஆறு வருஷம் கழித்து இங்கே எழுதுகிறேன்.

ரப்பர் விலை அடியோடு விழுந்திருந்த காலம். ஆட்களைக் குறைத்துக் கப்பலில் ஊருக்கு அனுப்பும்படி எங்கள் கம்பெனி உத்தரவு போட்டிருந்தது. அன்று லாரி ஏறிய பதினோரு பேரும் கம்பெனியின் வெட்டுப் பள்ளியில் நடந்த மறுதேர்வில் தவறியவர்கள். தேர்வை நடத்தியவளைத் தோட்டம் முழுக்கப் பள்ளியம்மா என்று கூப்பிடுவார்கள். பட்டியலில் ஏழாவது ஆள் அவளுடைய கணவர். அவர் தவறிவிட்டார் என்று சொன்னதும் அவள்தான். அந்தப் பதினோரு பேரில் ஒருவரையும் நான் பிறகு பார்க்கவில்லை.

அவளுடைய பெயர் என் பதிவேட்டில் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

வெட்டுப் பள்ளி என்றால் கட்டடம், பலகை எதுவும் கிடையாது. ஸ்டோருக்குப் பின்னால் இருந்த மேட்டில் நாற்பது கிழட்டு ரப்பர் மரங்கள், அவ்வளவுதான். தோட்டத்தில் முதன்முதலாக நட்டவை. அவற்றின் பட்டையில் தழும்பில்லாத இடம் உள்ளங்கை அகலம்கூடக் கிடைக்காது. கப்பலில் வந்து இறங்கும் புது ஆட்கள் இருபத்தொரு நாள் அந்த மரங்களில்தான் கை பழக வேண்டும் என்பது கம்பெனி விதி. தேறினால் வெட்டுக்காரர் ஆகலாம். ஆளுக்கு ஒரு நிரை, அதாவது முந்நூறு மரம், பொறுப்பில் வரும். தவறினால் புல் வெட்டுதான்.

பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி உள்ளே மரத்தைத் தொட்டுவிட்டால் அது காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் மறுபடி வளரும். ஏழெட்டு வருஷம் கழித்து அதே பக்கத்தை வெட்ட வருகிறவரின் கத்தி அங்கே ஓடாது. இதை எங்கள் துரை புது ஆட்களுக்குப் படம் போட்டு விளக்குவார். யாருக்கும் புரியாது. பள்ளியம்மா சொல்வது புரியும்.

"சோத்துப் பானையில அடிப்பிடிச்சிருக்குன்னு வையி. மேல இருக்கற சோத்தை மட்டும் அள்ளணும். கரண்டி அடியில இடிச்சுது, பானை மொத்தமும் கசந்து போச்சு."

எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு. குட்டையான உருவம். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கொசுவுக்காக. வெற்றிலை போடுவதில்லை, பால் வடியும் மங்கில் எச்சில் விழுந்துவிடும் என்பாள். யாரையும் நன்றாக வெட்டினாய் என்று சொன்னதில்லை. வெட்டிய இடத்தில் வலது கட்டை விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒரு தடவை மெதுவாக இழுப்பாள். காயம் இல்லையென்றால் "இல்லை" என்பாள். இருந்தால் எத்தனை என்பாள். இதற்கு மேல் ஒரு சொல் வராது. வெட்டியவர் ஏதாவது சமாதானம் சொன்னால் மட்டும் ஒரு பதில் வைத்திருந்தாள்: "வெட்டுனவன் ஊருக்குப் போயிருவான். மரம் இங்கயேதான நிக்கும்?"

நான் சின்னக் கிராணியாக அந்தத் தோட்டத்துக்கு வந்தது 1921இல். கணக்கு எழுதுகிறவனுக்கும் வெட்டு தெரிந்திருக்க வேண்டும் என்று துரை என்னையும் பள்ளிக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் நான் வெட்டிய மரத்தில் கட்டை விரலை இழுத்துவிட்டு, "மூணு" என்றாள்.

"ரெண்டும்மா. கீழே இருக்கிறது ஒரே காயம்தான், நீளமா இருக்கு" என்றேன்.

"நடுவுல பட்டை இருக்கு, கிராணியாரே."

"எங்கே?"

"குனிஞ்சு பாருங்க. உங்க தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனா."

என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை வைத்துப் பார்த்தேன். இரண்டு வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே மயிரிழை அளவுக்குப் பட்டை இருந்தது. மூன்றுதான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. உலகத்தில் என்னைப் போல இன்னொரு ஆள் இருப்பதைக் கண்ட சந்தோஷம்தான் வந்தது. அன்றிலிருந்து பதினோரு வருஷம் அவள் சொல்ல நான் எழுதினேன். எங்கள் இருவர் கணக்கும் ஒரு தடவைகூட முரண்பட்டதில்லை. அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

1924இல் பெரிய கங்காணி தன் மச்சானை ஊரிலிருந்து கூட்டி வந்து பள்ளியில் விட்டார். தேர்வுக்கு முதல் நாள் பள்ளியம்மா வீட்டு வாசலில் ஒரு சிவப்புப் பெட்டைக் கோழி கட்டிக் கிடந்தது. அவள் அதை அவிழ்த்து, தீனி போட்டுக் கூண்டில் வைத்தாள். தேர்வில் மச்சானுக்கு ஆறு காயம். அடுத்த வாரம் பெரட்டு நேரத்தில், அத்தனை பேர் நடுவிலும், ஒரு கூடையைக் கொண்டுவந்து கங்காணியின் காலடியில் வைத்தாள்.

"கங்காணியாரே, உங்க மச்சானுக்குக் கை நடுங்குது. காலையில குடிக்கிற கள்ளை நிறுத்தச் சொல்லுங்க. உங்க கோழி நாலு முட்டை போட்டுச்சு. அதுவும் கூடைக்குள்ளதான் இருக்கு."

"உனக்குன்னுதானே குடுத்தேன், ஆத்தா."

"எனக்குன்னா தீவாளிக்குக் குடுத்திருப்பீங்களே."

வரிசை முழுக்கச் சிரித்தது. கங்காணியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அதற்குப் பிறகு நான் ஒரு முறையைக் கொண்டுவந்தேன். தேர்வு மரங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எந்த எண் யாருடையது என்ற சீட்டு என் சட்டைப் பையில் இருக்கும். அவள் மரத்தைப் பார்த்து எண்ணிக்கை சொல்ல வேண்டியது. நான் எழுத வேண்டியது. துரை என்னைப் பாராட்டினார். பள்ளியம்மா "உங்க இஷ்டம்" என்றாள்.

அந்த எண்களால் ஒரு பயனும் இல்லை என்பது அடுத்த வருஷமே எனக்குத் தெரிந்தது. ஏழாம் நம்பர் காட்டில், அதாவது தோட்டத்தின் ஏழாம் பிரிவில், நானும் அவளும் நடந்துகொண்டிருந்தோம். பாலின் ஓட்டம் சரியில்லை என்று ஒரு நிரையைப் பார்க்கத் துரை அனுப்பியிருந்தார். வழியில் வேறொருவருடைய மரத்தின் முன் நின்றாள்.

"இது இன்னிக்கு அந்த ஆள் வெட்டலை. அவரு சம்சாரம் வெட்டியிருக்கா."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரு முடிக்கிற இடத்துல மணிக்கட்டைத் திருப்புவாரு. அவ திருப்பமாட்டா, அப்படியே இழுத்துருவா. உங்க கையெழுத்தும் பெரிய கிராணி கையெழுத்தும் உங்களுக்கு ஒண்ணாவா தெரியுது?"

அந்த ஆள் காய்ச்சலில் படுத்திருந்தார். நாள் கூலி போய்விடக் கூடாதென்று மனைவி அவர் பெயரில் வெட்டியிருந்தாள். தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவருக்கு ஆப்செண்ட் போட்டேன். சாயங்காலம் அந்த மனைவி பள்ளியம்மா வாசலில் நின்று கத்தியது ஆபீஸ் வரை கேட்டது. "சும்மா நடந்து போகத் தெரியாதாடி உனக்கு? வாயை எங்கயாச்சும் அடமானம் வெச்சிருக்கக் கூடாதா?" மறுநாள் நான் கேட்டேன், வருத்தமாக இல்லையா என்று. "கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்" என்றாள். "நீங்க எழுதுனது உங்க வருத்தம்" என்றும் சொன்னாள்.

அதைவிட எனக்குத் தைத்த இன்னொன்று உண்டு. தோட்டத்தில் அத்தனை பேர் கையும் அவளுக்குத் தெரியும். எண் போட்டு நான் மறைத்ததாக நினைத்ததெல்லாம் அவள் கட்டை விரலுக்கு முன்னால் திறந்துதான் கிடந்தது. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை சொன்னாள். தெரிந்தவர் தெரியாதவர் என்று அவளுடைய எண்ணிக்கை ஒரு தடவையும் மாறவில்லை.

அவள் கணவர் அவளுக்கு நேர் எதிர். உயரமான ஆள், வாய் ஓயாது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போதே ஸ்டோரில் இருக்கிறவர்கள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "நான் மூணு தரம் பள்ளியில படிச்சவன் ஐயா" என்பார் என்னிடம். "மொதல் தரம் போயிலு. ரெண்டாந் தரமும் போயிலு. மூணாந் தரம் பாத்தேன், அலமாக், இது ஆவாது, வாத்தியாரம்மாவையே கட்டிக்கிட்டேன். அப்புறந்தான் பாசு!"

அது பாதிதான் உண்மை. அவர் இடக்கைக்காரர். வெட்டுக் கத்தியின் அலகு ஒரு பக்கமாக மடங்கியிருக்கும், வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. முதல் இரண்டு தடவையும் அவர் அந்தக் கத்தியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள்தான் கொல்லுப் பட்டறைக்குப் போய், அலகை மறுபக்கம் மடக்கி ஒரு கத்தி அடிக்கச் சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் தடவை ஒரு காயமும் இல்லை. இதை அவர் கேலியில்லாமல் சொல்வார். "யாருக்கும் தோணலை, ஐயா. என் கை கெட்ட கைன்னு சொன்னாங்க. கத்தி மாறணும்னு சொன்னவ இவதான்." பிறகு மகள் பிறந்தாள். 1931இல் அவளைக் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள்.

1932 ஜூலை கடைசியில் துரை என்னை அறைக்குள் கூப்பிட்டார். வெட்டுக்காரர்கள் அறுபத்து நாலு பேர். கம்பெனி ஐம்பத்தைந்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. யாரை அனுப்புவது? கங்காணிகளைக் கேட்டால் தங்களுக்கு ஆகாதவர்களைச் சொல்வார்கள். "பள்ளியில் எல்லாருக்கும் மறுபடி டெஸ்ட் வை" என்றார். "காயம் போட்ட ஆள் போகட்டும். அது நியாயம். இல்லையா, கிராணி?"

நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. விதிகளை நானே எழுதினேன். மொத்தம் ஏழு. மரங்கள் நாற்பதுதான் என்பதால் ஒரு மரத்திலேயே பல பக்கம் பிரித்து, ஆளுக்கு ஐந்து வெட்டு என்று வைத்தேன். மரத்துக்கு ஒன்றாக ஐந்து மரம். பெயர் கிடையாது, எண். ஒரு காயம் இருந்தாலும் பட்டியலில் வரும். யாரும் தன் கத்தியைக் கொண்டுவரக் கூடாது. ஸ்டோரிலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புதுக் கத்தி. இது நாலாவது விதி. ஒருவருக்குக் கூர்மையான கத்தி, ஒருவருக்குத் தேய்ந்த கத்தி என்று பேச்சு வரக் கூடாது என்பதற்காக எழுதினேன். எழுதி முடித்து ஒரு தடவை படித்துப் பார்த்தபோது மிகவும் திருப்தியாக இருந்தது.

மூன்றாம் நாள் அவள் கணவரின் முறை வந்தது. கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இது சோத்தாங்கைக்காரன் கத்தி. என்னோடது வீட்டுல இருக்கு. ஓடிப் போய் எடுத்தாரட்டா?"

நான் விதித்தாளைப் பார்த்தேன். "எல்லாருக்கும் ஒரே கத்தி" என்றேன்.

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் பக்கத்து மரத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சரி, சூசா ஒண்ணுமில்லை" என்று, சிரமமில்லை என்பதை மலாயில் சொல்லிச் சிரித்தார். "கம்பெனிக்காரன் இடக்கையா பொறந்திருந்தா நம்ம கஷ்டம் தெரிஞ்சிருக்கும்." வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு வெட்டத் தொடங்கினார். அன்று அவர் பேசாமல் வேலை செய்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

பத்து மணிக்கு நானும் அவளும் மரம் மரமாகப் போனோம். அவருடைய எண் முப்பத்தெட்டு. முதல் மரம், "இல்லை." இரண்டாவது, "இல்லை." மூன்றாவது, நாலாவது, "இல்லை." ஐந்தாவதில் கட்டை விரல் பாதி தூரம் வந்து நின்றது. மறுபடி மேலே போய் இழுத்தாள். ஒரே வெட்டில் அவள் இரண்டு தடவை விரல் இழுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஒண்ணு" என்றாள்.

சீட்டு என் பையில் இருந்தது. அவளுக்குச் சீட்டு தேவையில்லை; இடக்கைக்காரரின் வெட்டு அந்தத் தோட்டத்தில் ஒன்றுதான்.

"இன்னொரு தரம் பாருங்கம்மா" என்றேன்.

"பாத்துட்டேன்."

"இந்தக் கத்தி அவரு..."

"விதியை நீங்க எழுதுனீங்க, ஐயா. நான் மரத்தைத்தான் பாக்கறேன். எழுதுங்க."

நான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். குருணை அரிசி அளவுக்கு வெள்ளையாக மரம் தெரிந்தது. இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணாடியை நான் கீழே வைக்கும் வரை அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் என்ன வேண்டி நின்றாள் என்பதை இன்றைக்கும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் எழுதினேன். 38: ஒன்று.

பட்டியலைப் படித்த அன்று துரைக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் பேசும் தமிழ் தோட்டத்தில் பிறந்த தமிழ். மரியாதை கிடையாது, மனசு கெட்டதில்லை.

"ஏய், அது உன் புருசன்தானே? அவன் கப்பலுக்குப் போக வேணாம். புல்லு வெட்டட்டும். சரியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மத்த பத்து பேரும் புல்லு வெட்டலாமா, தொரை?"

"பத்து பேருக்கு எங்கே வேலை? அவங்க கப்பல்."

"அப்ப இவரும் கப்பல்தான், தொரை."

துரை என்னைப் பார்த்தார், தனக்குத் தமிழ் சரியாக விளங்கவில்லையோ என்பதுபோல. வெளியே வந்ததும், "அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"கேட்டா இருக்கேம்பாரு."

"இருக்கட்டுமே!"

"இருந்தா நான் லயத்து வீடுங்களுக்கு நடுவுல எப்படி ஐயா நடக்கறது? பத்து வீட்டை அனுப்பிட்டு என் வீட்டுல மட்டும் அடுப்பு எரியும்." எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. தான் எப்படி நடப்பது என்பதற்காக ஒரு மனுஷரைக் கடல் தாண்ட அனுப்புகிறாளே என்று தோன்றியது. அடுத்த கணமே, அவள் சரி என்றிருந்தால் நான் அவளைப் பற்றி என்ன நினைத்திருப்பேன் என்றும் தோன்றியது.

அவரை ஸ்டோர்க் குழாயடியில் பார்த்துச் சொன்னேன். துரை சொன்னதையும், அவள் சொன்னதையும், சொன்னபடியே. வாளியைக் கழுவிக்கொண்டிருந்தவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"பொய் சொல்ல மாட்டா, ஐயா. இருபது வருசமா தெரியும்" என்றார். "என்னைக் கேட்டிருந்தா இருக்கேன்னுதான் சொல்லியிருப்பேன். புல்லு என்ன, சாணி அள்ளச் சொன்னாலும் இருப்பேன். மகளுக்கு மொதப் புள்ளை. நான் பாக்க வேணாமா?" பிறகு தன் வழக்கப்படி சிரிக்கப் பார்த்தார். "நாலாந் தரமும் பள்ளியில போயிலு."

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அதனால் பள்ளியம்மா அவரோடு போக முடியாது. அவர்களுக்குள் வேறு என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டார் சத்தமே கேட்கவில்லை என்றார்கள்.

இனி அந்த வெற்றுப் பக்கம். ஒன்பதாம் தேதி இரண்டு மணிக்கு லாரி பெரட்டுக் களத்தில் நின்றது. பதினோரு பேர், அவர்களுடைய பெட்டிகள், பாய்கள், குழந்தைகள். குளுவாங்கில் ரயில் ஏறி, துறைமுகத்து முகாமில் ஒன்பது நாள் இருந்து, பதினெட்டாம் தேதிக் கப்பல். நான் பெயர்களைப் படிக்க, ஒவ்வொருவராக ஏறினார்கள். பள்ளியம்மா கூட்டத்தில் ஒளிந்துகொள்ளவில்லை. லாரிக்கு எதிரே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்றாள்.

"இஞ்சி லேகியம் மச்சுல இருக்கு" என்று அவள் கணவர் மேலேயிருந்து சொன்னார். "மக வீட்டுக்குப் போறப்ப மறந்துறாத."

"சரி" என்றாள்.

"எனக்குக் கடுதாசி போட உனக்கு எழுதத் தெரியாது. கிராணி ஐயாவைக் கேளு."

"சரி."

அப்போதுதான் பட்டியலில் மூன்றாவது பெயர்க்காரி, புருஷனை இழந்தவள், ஒன்பது வருஷமாக அந்தத் தோட்டத்தில் வெட்டியவள், லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"பள்ளியம்மா! அஞ்சு மரத்தைப் பாத்துச் சொல்லிட்டியே. ஒம்பது வருசமா நான் வெட்டுன முந்நூறு மரம் நாலாம் நம்பர் காட்டுல நிக்குதே, அதுல ஒண்ணையாச்சும் போயிப் பாத்தியாடி?"

எல்லாரும் பள்ளியம்மாவின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். அவளிடம் எப்போதும் பதில் இருக்கும். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக ஒரு மயிரிழைகூட விடாமல் எண்ணிய எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. கைக்குப் பழகாத கத்தியோடு, கிழட்டு மரத்தில், பயத்தோடு வெட்டிய ஐந்து வெட்டைப் பார்த்தோம். அவரவர் தினமும் வெட்டிய நிரை அரை மைலுக்குள் நின்றுகொண்டிருந்தது.

"விடு தாயி" என்று அவள் கணவர் அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். லாரி கிளம்பியது. பள்ளியம்மா தூசி அடங்கும் வரை அங்கேயே நின்றாள். நான் ஆபீசுக்குப் போய் அந்த ஒரு வரியை எழுதி நிறுத்தினேன்.

மறுநாள் பத்தாம் தேதி, புதன்கிழமை. ஐந்தே காலுக்குப் பெரட்டு. அவள் பெயரைக் கூப்பிட்டபோது பதில் வந்தது. ஆட்கள் கலைந்ததும் நேராக என்னிடம் வந்தாள். கண் வீங்கியிருந்தது. முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டு வாங்க, ஐயா."

"எதுக்கும்மா? அவங்க போயாச்சு."

"கப்பல் போவலையே. நெரை நெரையா பாக்கணும். மொதப் பேரு யாரு?"

படித்தேன்.

"அவரு நெரை எங்க?"

"மூணாம் நம்பர் காடு. முந்நூத்தி நாலு மரம்."

அந்த நேரத்தில் நான் மழைமானியைப் பார்க்க வேண்டும். பிறகு ஆபீசைத் திறக்க வேண்டும். துரையிடம் சொல்லவும் இல்லை. நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். நடந்துகொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். எவ்வளவு வேகமாகப் பார்த்தாலும் ஒரு நாளைக்கு இரண்டு நிரை. அவள் கணவருடையது ஏழாவது, சனிக்கிழமைதான் வரும். அதற்குப் பிறகு துரை பார்த்து, கம்பெனிக்கு எழுதி, அங்கிருந்து முகாமுக்குச் சொல்லி...

"அம்மா, ஏழாவதை முதல்ல பாத்துருவோம்" என்றேன். "நாள் பத்தாது."

அவள் நின்றாள். ஏழாவது நிரைக்குப் பிரியும் பாதை அங்கேதான் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"ஏழாவது ஏழாவதாவே வரட்டும்" என்று சொல்லிவிட்டு மூன்றாம் காட்டுக்குள் நுழைந்தாள். விளிம்பில் நின்ற முதல் மரத்தின் வெட்டில் கட்டை விரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள்.

"இல்லை" என்றாள்.

நான் எழுதினேன்.